டீயில் மூழ்கிய கோட்டை

ஜனவரி 11

அன்புள்ள பட்டனுக்கு,

சித்தப்பா எழுதுவது. நான் சுகம். பக்கத்துத் தெருவில் உன் அம்மாவும் சுகம். அண்ணியின் குரல் அதைவிடச் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தே வயிறு நிரம்பிவிடுகிறதா?

போன வாரம் போனில் நாம் போட்ட சண்டைக்கு அண்ணி சொன்ன தீர்ப்பு உனக்கும் வந்து சேர்ந்திருக்கும். “இனிமே ரெண்டு பேரும் போன்ல பேசவே கூடாது. ஒருத்தரை ஒருத்தர் பேச விட்டாத்தானே? எழுதிக்குங்க. காகிதத்துலயாவது குறுக்க பேச முடியாது இல்ல?” ஒரு வீடியோ கேமுக்காக ஐம்பத்தெட்டு வயதுச் சித்தப்பனும் முப்பது வயது மகளும் தொண்டை கிழியக் கத்துவது அவர்களுக்குப் புரியவில்லை. எனக்கு நன்றாகப் புரிகிறது. தவழும் வயதில் என் ரிப்பேர் கடைக்குள் புகுந்து, கண்ணில் பட்ட பொத்தானையெல்லாம் அமுக்கி, மூன்று கேம் மெஷின்களை ஒரே நாளில் சாகடித்தவள் நீ. பட்டன் என்று பெயர் வைத்தவன் நான். இன்று நீ கேம்களுக்கு நிறம் தீட்டுகிறாய், நான் பத்திரிகையில் அவற்றைத் திட்டுகிறேன். சண்டை வராமல் எப்படி இருக்கும்?

இந்த வாரம் என் பத்தி, அந்தப் புதுக் கார்ப் பந்தயத்தைப் பற்றி. ‘நெடுஞ்சாலை ராஜா.’ ராஜாவுக்குக் கார் இருக்கிறது, சாலை இருக்கிறது, எதிரே என்ன வருகிறது என்றுதான் தெரியவில்லை. வருகிற விளக்கு ஒவ்வொன்றும் பூசணிப்பூ மாதிரி விரிந்து திரையை மூடுகிறது. வெளிச்சத்தைக் காட்டுகிறேன் பேர்வழி என்று பாதையை மறைத்துவிட்டார்கள். ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். இந்தக் கேம் சும்மா கிடந்தே மெஷினில் பாதி இடத்தைத் தின்றுவிட்டது. பத்துக்கு மூன்று கொடுத்தேன், அதுவும் பாவம் பார்த்து.

இன்னொரு செய்தி. நம் ‘நீர்க்கோட்டை’யைப் புதுப்பித்து ரீமாஸ்டர் என்று வெளியிடப் போகிறார்களாம். கடலுக்கடியில் மூழ்கிய அந்தக் கோட்டைக்குள் நீயும் நானும் எத்தனை முறை குதித்திருப்போம்! ஒவ்வொரு வாசலிலும் பழைய மெஷின் திணறிக்கொண்டு நிற்கும். கதவு திறக்கிற வரைக்கும் திரையில் நம் ஆட்கள் இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில்தான் நீ பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்வாய். இப்போது வரப்போவது பழைய கள், புதிய மொந்தை. மொந்தையாவது ஒழுகாமல் இருக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். எனக்கு ஒரு குறையும் இல்லை. கடையில் குழல்விளக்குதான் மங்கிவிட்டது. கூடுதலாக இரண்டு மாட்டியிருக்கிறேன்.

உன் சித்தப்பா

*

ஜனவரி 29

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

பட்டன் எழுதிக்கொள்வது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், இரண்டையும் அம்மாவிடம் சாட்சி சொல்லிவிடுங்கள். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? முழங்கால் வலி எப்படி?

இங்கே வேலை கழுத்துவரை. எங்கள் அறையை நீங்கள் பார்த்தால் சிரிப்பீர்கள். நிறம் தீட்டுகிறவர்கள் உட்காரும் அறைக்கு நிறமே கிடையாது. சுவர், மேசை, நாற்காலி எல்லாம் ஒரே சாம்பல். பக்கத்தில் வேறு நிறம் இருந்தால் கண்ணை ஏமாற்றிவிடுமாம். போன வாரம் சிவப்புச் சட்டை போட்டு வந்த பையனுக்குக் குழுத்தலைவி சாம்பல் நிறத்தில் ஒரு கோட்டு கொடுத்து, “இதைப் போட்டுக்கிட்டு உட்காரு, இல்லேன்னா வெளிய உட்காரு” என்றார். என்ன கேம் என்று மட்டும் கேட்காதீர்கள். வீட்டாரிடம்கூடச் சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

‘நெடுஞ்சாலை ராஜா’வை மதிய இடைவேளையில் நாங்களும் ஓட்டிப் பார்த்தோம். விளக்கெல்லாம் ஒழுங்காகத்தானே இருக்கிறது, சித்தப்பா? கதை அறுவை, பாட்டு அதைவிட அறுவை. அதையெல்லாம் விட்டுவிட்டு விளக்கைப் பிடித்துக்கொண்டீர்களே.

நீர்க்கோட்டை பற்றி நான் என்ன சொல்ல? நன்றாக வரட்டும் என்று நினைக்கிறேன். ரொம்பவே நினைக்கிறேன்.

ஒரு வாரம் இங்கே வந்து இருங்களேன். நீங்கள் வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. பஸ் நிலையத்திலிருந்து வீடு நடக்கிற தூரம்தான். உடம்பு எப்படி என்று ஒரு வரியாவது எழுதுங்கள். ‘சுகம்’ என்பது வரி இல்லை.

அன்புடன்,
பட்டன்

*

மார்ச் 6

அன்பு மகளே,

முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. சுகம் என்று எழுதினால் வரி இல்லை என்கிறாய். நல்ல சுகம் என்று எழுதுகிறேன், எடுத்துக்கொள். வேலை கழுத்துவரை என்றாயே, கொஞ்சமாவது இறங்கியதா?

அங்கே வர ஆசைதான். கடையை யார் பார்ப்பது? மழை வேறு வரும்போல் இருக்கிறது. பார்க்கலாம்.

கடையில் சாலிடர் வேலையைக் குறைத்துவிட்டேன். இந்தக் காலத்துச் சில்லுகளை எறும்பு முட்டை அளவில் செய்கிறார்கள், மனுஷன் கை வைக்கவா அது? போன வாரம் விரலைச் சுட்டுக்கொண்டதுதான் மிச்சம். ஸ்கூட்டரையும் விற்றுவிட்டேன். நடந்தால் உடம்புக்கு நல்லது.

பத்திக்காக ஒரு துப்பறியும் கேம் ஆடினேன். ‘ஏழாவது சாட்சி.’ ஆறு சாட்சிகளும் பேசுவது என்னவென்று கீழே எழுத்தில் போடுகிறார்கள்; அந்த எழுத்தைக் கண்டுபிடிக்கத்தான் துப்பறிய வேண்டியிருக்கிறது. அப்படியொரு பொடி. பத்துக்கு ஐந்து.

விமர்சனத்துக்காக நீர்க்கோட்டையின் முன்பிரதி வந்துவிட்டது. முதல் ஆளாக உனக்குத்தான் சொல்கிறேன், பத்தி அடுத்த வாரம் வரும். பட்டன், ஏமாந்துபோனேன். கடல் என்று சொல்லிவிட்டு டீயில் மூழ்கடித்திருக்கிறார்கள். பாலில்லாத டீ, நேற்றுப் போட்டது. நம் கோட்டையில் எத்தனை நீலம் இருந்தது! இறங்க இறங்க நிறம் மாறும், நீ விரலை விட்டு எண்ணுவாய். இப்போது முதல் வாசலும் கடைசி வாசலும் ஒரே பழுப்பு. விளக்குப் போல் ஒளிரும் மீன்களைச் சுற்றி அதே பூசணிப்பூ. இதற்குமேல் வாசல்களில் காத்திருப்பதையும் தூக்கிவிட்டார்கள். கதவைத் தொட்டதும் திறந்துகொள்கிறது. உட்காரப் படி இருக்கிறது, உட்காரத்தான் நேரமில்லை. வேகம் வேகம் என்று ஓடி, இரண்டு பேர் பேசிக்கொள்ளும் இடத்தை இடித்துவிட்டார்கள். பத்துக்கு நான்கு. தலைப்பு: ‘டீயில் மூழ்கிய கோட்டை.’ எப்படி?

நீ ஆடினாயா? உனக்கு எப்படித் தெரிகிறது? பார்த்து எழுது. சளி பிடிக்காமல் இரு.

சித்தப்பா

*

ஏப்ரல் 19

சித்தப்பாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் இருக்கிறேன்.

கேம் வெளிவந்துவிட்டதால் இனி சொல்லலாம். நீர்க்கோட்டையின் தண்ணீருக்கு நிறம் போட்டது நான். முதல் வாசலிலிருந்து கடைசி வாசல் வரை, எல்லாத் தண்ணீரும். ஒன்றரை வருஷ வேலை. உங்களிடம் சொல்ல முடியாமல் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன். வெளிவந்ததும் முதல் ஆளாக நீங்கள் ஆடுவீர்கள், ‘எவன் போட்டான் இந்த நீலத்தை’ என்று துள்ளுவீர்கள், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

உங்கள் பத்தியை யாரோ பெரிதாக்கி எங்கள் சாம்பல் சுவரில் ஒட்டிவிட்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள். மற்ற பத்திரிகைகள் எல்லாம் தண்ணீரைத்தான் புகழ்ந்திருந்தன, அதனால் அவர்களால் சிரிக்க முடிந்தது. எழுதியவர் என் சித்தப்பா என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கெல்லாம் டீ குடிக்கிற இடத்துக்குக்கூட நான் போகவில்லை.

ஆடத் தெரியாதவள் தெருக்கோணல் என்றாளாம். அதற்குமேல் எழுத எனக்கு ஒன்றுமில்லை.

பட்டன்

*

ஏப்ரல் 27

அன்புள்ள பட்டனுக்கு,

உன் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். வந்த வாடிக்கையாளர் ஒருவர், “உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை.

நீ போட்டது என்று தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். எழுதித்தான் இருப்பேன். தலைப்பை வேண்டுமானால் மாற்றியிருப்பேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. எனக்கு நீ பொன் குஞ்சேதான். அதற்காகப் பழுப்பை நீலம் என்று எழுதினால், நான் இத்தனை வருஷம் எழுதியது எதையுமே நீ நம்பக் கூடாது. உனக்குக் கோபம் வரும். வரட்டும். திரும்பவும் மூன்று முறை ஆடிப் பார்த்தேன். பெரிய டிவி வாங்கி, அதன் முன்னால் முழங்கால் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்து ஆடினேன். டீ டீயாகத்தான் இருக்கிறது, மகளே.

உன்னைக் கஷ்டப்படுத்தியதற்கு எனக்கும் கஷ்டமாக இருக்கிறது. மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. இதை அண்ணியிடம் சொல்லாதே.

சித்தப்பா

*

மே 22

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது. கோபம் தணியக் கொஞ்ச நாள், மற்றதற்குக் கொஞ்ச நாள். சாப்பாடு இறங்குகிறதா? நான் நன்றாக இருக்கிறேன்.

இடையில் உங்கள் பழைய பத்திகளை எடுத்துப் படித்தேன், இரண்டு வருஷத்துப் பத்திகள். அந்த விண்வெளிக் கேமில் நட்சத்திரமெல்லாம் அழுக்காக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பண்ணைக் கேமில் பனி விழுந்த வயல் பழைய வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பழைய டிவியிலும் பெரிய டிவியிலும் நீர்க்கோட்டை ஒரே மாதிரிதான் தெரிந்ததா? தெருவிளக்கைச் சுற்றியும் உங்களுக்குப் பூசணிப்பூ தெரிகிறதா? சும்மா கேட்கிறேன்.

இத்துடன் ஓர் உறைக்குள் வண்ணக் காகிதத் துண்டுகள் வைத்திருக்கிறேன். எங்கள் அறையில் புதிதாக வேலைக்குச் சேருகிற யாரானாலும் முதல் நாள் இதைச் செய்தாக வேண்டும். கலைத்துப் போட்டிருக்கிற துண்டுகளைப் பச்சையில் ஆரம்பித்து, நீலம் வழியாக, ஊதா வரை வரிசையாக அடுக்கி ஓர் அட்டையில் ஒட்ட வேண்டும். பகலில், ஜன்னல் பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள். என் நிறத்தைக் குறை சொன்னவருக்கு நிறம் தெரியுமா என்று பார்க்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்களேன்.

கட்டாயம் செய்து அனுப்புங்கள். மறக்காதீர்கள். உடம்பு, உடம்பு.

பட்டன்

*

ஜூன் 3

என் பரீட்சை அதிகாரிக்கு,

மாணவன் சுகம். அதிகாரி சுகமா?

வயசான காலத்தில் எனக்கே பரீட்சையா? அடுக்கி ஒட்டி அனுப்பியிருக்கிறேன். மதிய வெயிலில் ஜன்னலில் வைத்துத்தான் செய்தேன். ஆனால் உங்கள் ஆபீஸில் யாரோ நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள். நடுவில் ஐந்து துண்டுகள் ஒரே நிறம். எதை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது? கைக்கு வந்தபடி ஒட்டிவிட்டேன். கருப்புத் துண்டு ஒன்று தவறி உள்ளே வந்திருந்தது. அது இந்த வரிசையில் சேராது என்று ஓரமாகத் தனியே ஒட்டியிருக்கிறேன். பத்துக்குப் பத்து போடு.

தெருவிளக்கைப் பற்றிக் கேட்டிருந்தாய். பொழுது சாய்ந்தபின் நான் எங்கே வெளியே போகிறேன்?

பத்தி கொஞ்ச நாளைக்கு வராது. ஆசிரியர்தான் ஓய்வு எடுத்துக்கொள்ளச் சொன்னார். நல்ல மனுஷர். நானும் கேம் மெஷினுக்கு உறை போட்டு மூடி வைத்திருக்கிறேன். தூசி பாரு.

வேளைக்குச் சாப்பிடு.

சித்தப்பா

*

ஜூன் 9

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் அட்டை வந்ததும் ஆபீஸிலிருந்தே போன் செய்தேன். ‘அண்ணி தீர்ப்பு’ என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன், இதையாவது கடைசிவரை படியுங்கள்.

அந்த உறையில் கருப்பே இல்லை. நீங்கள் ஓரமாக ஒட்டியது கருநீலம். ஒரே நிறம் என்று சொன்ன ஐந்தும் ஐந்து வேறு நீலம். எங்கள் ஆபீஸ் வாசல் காவலரிடம் காட்டினேன், பார்த்ததும் பிரித்துவிட்டார். சித்தப்பா, கேம்கள் பழுப்பாகவில்லை. உங்கள் கண்ணில் ஏதோ ஆகியிருக்கிறது. விளக்கைச் சுற்றிப் பூ, பொடி எழுத்து, எறும்பு முட்டைச் சில்லு, விற்ற ஸ்கூட்டர், புதுக் குழல்விளக்கு, எல்லாம் ஒன்றுதான்.

என் வேலையைத் திட்டியதற்குப் பழி வாங்குகிறேன் என்று நினைக்காதீர்கள். நீங்கள் பொய் எழுதவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததை, என் முகத்துக்காகக்கூட மாற்றாமல் எழுதினீர்கள். அதனால்தான் எனக்கு இது பிடிபட்டது. ஒரு வார்த்தை எனக்காகக் கூட்டியிருந்தால் நான் சந்தோஷப்பட்டுக்கொண்டு சும்மா இருந்திருப்பேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. நான் டாக்டர் இல்லை. இது சரி செய்யக்கூடியதா, தள்ளிப்போடத் தள்ளிப்போடக் கைமீறிப் போவதா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் எதற்கு நிறம் போட வேண்டும்? அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அம்மா வருவார். மறுக்காமல் கூடப் போங்கள். ஆசிரியர் ஏன் ஓய்வு எடுக்கச் சொன்னார் என்பதையும் உண்மையாக எழுதுங்கள்.

உங்கள் மகள்,
பட்டன்

*

ஜூலை 20

அன்பு மகளுக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாகப் பதில் போடவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். முதலில் கேட்டுவிட்டுத் திட்டு.

உன் கடிதம் வந்த மறுநாள் அண்ணி வந்தார்கள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “கிளம்புங்க தம்பி” என்றார்கள். கடை, வாடிக்கையாளர் என்று இழுத்தேன். “கண்ணு கெட்டதுக்கப்புறம் சூரிய நமஸ்காரம் பண்ணப் போறீங்களா? கிளம்புங்கன்னா கிளம்பணும்!” தெருவே பார்த்தது. கிளம்பினேன்.

உன்னிடம் மறைத்ததை இப்போது சொல்கிறேன். எனக்குத் தெரியவே தெரியாது என்றால் பொய். தெரிந்துகொள்ள விரும்பவில்லை. உன் தாத்தாவுக்குக் கடைசி நான்கு வருஷம் நான் வந்து நின்றால் தெரியாது, பேசினால்தான் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போயிற்று அவருக்கும். எனக்கும் அதுதான் வந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். டாக்டர் வாயால் கேட்டுவிட்டால், அன்றோடு கடையும் இல்லை, கேமும் இல்லை, பத்தியும் இல்லை. கேட்காமலே இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்று பார்த்தேன். ஆசிரியர் ஓய்வு எடுக்கச் சொன்னார் என்றேன் அல்லவா? அவர் சொன்னது இது: “ஊரே நீலம்னு சொல்றப்ப நீங்க மட்டும் டீங்கறீங்க. வாசகருங்க கேலி பண்றாங்க சார். கொஞ்ச நாள் விட்டுப் பிடிப்போம்.” விட்டுவிட்டார், பிடிக்கவில்லை.

டாக்டரம்மா சின்ன வயசு, உன் வயசுதான் இருக்கும். கண்ணுக்குள் விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார். நான் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்கப்பாவுக்கு வந்ததுதானே?” என்றேன். “அவருக்குக் கண்ணுல அழுத்தம் இருந்திருக்கும். உங்களுக்கு அழுத்தமும் சரியா இருக்கு, நரம்பும் நல்லா இருக்கு. இது புரைங்க. ரெண்டு கண்ணுலயும் முத்திப்போன புரை. லென்ஸை மாத்திடலாம். எப்படிங்க இத்தனை நாள் ஓட்டினீங்க?” என்றார். அண்ணி அங்கேயே அழுதுவிட்டார்கள். என்னைத் திட்டிக்கொண்டே அழுதார்கள்.

போன வாரம் வலது கண்ணுக்கு ஆபரேஷன் ஆயிற்று. கட்டு அவிழ்த்ததும் நான் முதலில் பார்த்தது டாக்டரம்மாவின் கோட்டு. வெள்ளை என்றால் இதுதானா! வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தால் அதில் ஒரு கிழவர் நிற்கிறார். கடையைத் தினமும் பெருக்குவதாக நினைத்துக்கொண்டிருந்தேன், நினைத்ததோடு சரி.

பிறகு நீர்க்கோட்டையைப் போட்டேன். இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்த்தேன். பட்டன், என்ன தண்ணீர் அது! மேலே வெயில் பட்டு ஒரு நீலம், கல்தூணுக்குப் பின்னால் ஒரு நீலம், ஏழாவது வாசலுக்குக் கீழே கருப்பு மாதிரி இருந்துகொண்டு கருப்பு இல்லாத ஒரு நீலம். வலது கண்ணை மூடி இடது கண்ணைத் திறந்தேன். டீ. மறுபடி மாற்றினேன். கடல். டீ. கடல். டீ. அண்ணி என்னைப் பார்த்துவிட்டு, கண்ணோடு மூளைக்கும் ஏதோ செய்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள். கண்ணைக் கசக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அழக் கூடாது என்று சொல்லவில்லை.

நீ எப்படி இருக்கிறாய்?

சித்தப்பா

*

ஜூலை 28

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள்கிறீர்களா? குனிந்து எதையும் தூக்காதீர்கள். நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்தபின் இன்னும் நன்றாக இருக்கிறேன். சாம்பல் அறையில் உட்கார்ந்து படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்து, அப்புறம் அழுது, குழுத்தலைவி வந்து “யாருக்கு என்ன ஆச்சு?” என்று கேட்க, சுவரில் ஒட்டியிருக்கிற பத்தியை எழுதியது என் சித்தப்பா என்று எல்லாரிடமும் சொன்னேன். முழுக் கதையையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

குழுத்தலைவி ஒரு உதவி கேட்கிறார். புரை விழுந்த கண்ணோடு ஆடுகிறவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள், அவர்களுக்கும் நீலம் பிரிந்து தெரிகிற மாதிரி ஒரு ஏற்பாட்டைக் கேமுக்குள்ளேயே வைக்க முடியுமா என்று பார்க்கிறார். எங்கள் யார் கண்ணுக்கும் அது சரியா தப்பா என்று தெரியாது. உங்கள் இடது கண்ணுக்குத் தெரியும். கேமின் திரையைப் படம் பிடித்துச் சில படங்களை அனுப்புகிறேன். ஒரு கண்ணால் பார்த்து, மறு கண்ணால் பார்த்து, எது எப்படி என்று எழுதுங்கள். ஆனால் இதற்காக ஆபரேஷனை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. தள்ளிப்போட்டால் அம்மாவை அனுப்புவேன்.

வாசல் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. காத்திருப்பதை எடுக்காதீர்கள் என்று நானும் கூட்டத்தில் கத்தினேன், எடுபடவில்லை. அது கண் கோளாறு இல்லை. தெருக்கோணல் என்று எழுதினேனே, அந்த வரியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்கிறது. மன்னித்துவிடுங்கள்.

மறுபடி பத்தி எழுதினால் எனக்காக அரை மார்க்குகூடக் கூட்டிப் போடாதீர்கள்.

உங்கள் பட்டன்

*

செப்டம்பர் 15

அன்பு மகளே,

சுகம். இதை ஒரு முழு வரியாகவே எடுத்துக்கொள்ளலாம், மகளே. இடது கண்ணும் முடிந்தது. நீ அனுப்பிய படங்களையெல்லாம் அதற்கு முன்னாலேயே பார்த்து எழுதிவிட்டேன். எட்டாவது படத்தில் என் டீக்குள் மூன்று நீலம் தெரிந்தது என்று எழுதியதற்கு, உங்கள் குழுத்தலைவி தன் கையால் நன்றி எழுதியிருக்கிறார். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஆசிரியரைப் போய்ப் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னதும் பதறிப்போனார். “அடடா, சொல்லியிருக்கலாமே சார். ஒரு மூலையில, தவறுக்கு வருந்துகிறோம்னு ரெண்டு வரி போட்டுடலாம்” என்றார். “மூலையில வேணாம். என் பத்தியிலயே எழுதறேன். பிடிக்கலைன்னா அதோட நிறுத்திக்குங்க” என்றேன். யோசித்தார். “எழுதுங்க” என்றார். உன்னிடம் சொல்வதற்கென்ன, அந்தப் பத்தியை இரண்டு முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். கண் தெரியாமல் விமர்சனம் எழுதியவன் என்று ஊர் சொன்னால், அதற்கப்புறம் யார் என்னைப் படிப்பார்கள்?

போன வாரம் வந்தது. ஒரே கேமுக்கு இரண்டு விமர்சனம், புரை விழுந்த கண் ஒன்று, புரை எடுத்த கண் ஒன்று. தண்ணீரைப் புகழ்ந்து என்னென்ன எழுத முடியுமோ எல்லாம் எழுதினேன், எதுவும் கூட்டிச் சொன்னதில்லை. வாசலில் உட்கார நேரமில்லாத குறையையும் ஒரு எழுத்து மாற்றாமல் திரும்ப எழுதினேன். பத்துக்கு ஏழு. மீதி மூன்றை உங்கள் முதலாளிகளிடம் கேட்டு வாங்கிக்கொள்.

பட்டன், கேலி வரும் என்று நினைத்தேன். கடிதங்கள் வந்தன. தையல் கடை வைத்திருக்கிற ஓர் அம்மா, பேரனோடு நீர்க்கோட்டை ஆடுகிறாராம். அவருக்கும் டீதான் தெரிந்ததாம். கருநீல நூலுக்குப் பதிலாகக் கருப்பைக் கோத்துத் தைத்துவிட்டு வாடிக்கையாளர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாராம். பத்தியைப் படித்துவிட்டுக் கண் டாக்டரைப் பார்த்திருக்கிறார், அடுத்த மாதம் ஆபரேஷன். ஆசிரியர் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு போன் செய்தார். “அடுத்த வாரத்துக்கு என்ன கேம் சார்?” என்றார். அவ்வளவுதான் கேட்டார். எனக்கு அதுவே போதும்.

நேற்றுப் பொழுது சாய்ந்தபின் வெளியே போனேன். தெருவிளக்கு தெருவிளக்காக இருந்தது. கடைப் பலகைகளை ஒன்றுவிடாமல் படித்துக்கொண்டே நடந்தேன், எழுத்துப் படிக்கப் பழகுகிற பிள்ளை மாதிரி, வாய்விட்டு. அப்படியே பஸ் டிக்கெட் எடுக்கிற இடம் வரைக்கும் போய்விட்டேன்.

இரண்டு வருஷமாகக் கடை, மழை, முழங்கால் என்று உனக்குச் சொன்னதெல்லாம் சாக்கு. உன் ஊரில் இறங்கி, எந்தத் தெரு என்று பலகையைப் படிக்க முடியாமல், யாரையாவது கேட்டால் எதிரே இருக்கிறதே தெரியவில்லையா என்பார்களே என்று நடுத்தெருவில் நிற்பதற்குத்தான் பயம். உன் வீட்டு வாசல் வரை வந்து உன்னைப் பார்த்தும், முகம் சரியாகத் தெரியாமல் போய்விடுமோ என்று அதைவிடப் பயம்.

வெள்ளிக்கிழமை புறப்படுகிறேன், சனிக்கிழமை காலையில் வந்துவிடுவேன். கேம் பற்றிய சண்டைகளைச் சேர்த்து வை, நேரில் போடலாம். அதற்கு அண்ணி தடை சொல்லவில்லை. பஸ் நிலையத்துக்கு மட்டும் நீ வராதே. வந்தால் கோபித்துக்கொள்வேன். பஸ்ஸில் எழுதியிருப்பதைப் படித்து, தெருப் பலகையைப் படித்து, வாசலில் இருக்கிற எண்ணைப் படித்து, நானே வந்து கதவைத் தட்டுகிறேன்.

அதுவரை நலமாக இரு.

சித்தப்பா